சங்கப் பாட்டிலிருந்து கம்பன் வரை: பழைய இலக்கியத்தைத் தானே படிக்க ஒரு வழி

பழந்தமிழ் இலக்கியத்தைத் தானாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறார்கள். சிலர் தொல்காப்பியத்தை முதல் நூற்பாவிலிருந்து பிடித்து, எழுத்ததிகாரம் முடிவதற்குள் களைத்துப்போகிறார்கள். வேறு சிலர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் அட்டவணையை ஒப்பிக்கும் அளவுக்கு நெட்டுரு செய்துவிட்டு, ஒரு பாட்டைத் திறந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். கலைச்சொல்லைப் பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பதே இரண்டுக்கும் காரணம். அந்தச் சொற்கள் பாட்டைப் படித்தவர்கள் தாம் கண்டதைக் குறிக்க வைத்துக்கொண்ட பெயர்கள். பாட்டில் அந்தப் பொருளைக் கண்ட பிறகு பெயரைக் கேட்டால் மறக்காது. பாட்டில் முதலில் தேட வேண்டியது திணையும் அணியும் அல்ல. பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்பதே.

எந்த நூலில் தொடங்குவது

காலவரிசைப்படி படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாட்டின் நீளத்தையும் நல்ல உரை கிடைப்பதையும் பார்த்துத் தொடங்குங்கள். எட்டுத்தொகையில் குறுந்தொகைதான் முதல் நூலாக இருக்கத் தகுந்தது. அதன் பாடல்கள் 4 முதல் 8 அடி கொண்டவை. இரண்டு பாடல்கள் மட்டும் 9 அடி. ஒரு பாட்டை ஒரே அமர்வில் முழுதாகப் பார்த்துவிடலாம். உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பில் மூலம், பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, ஒப்புமைப்பகுதி என்று வேண்டிய எல்லாம் இருக்கின்றன.

ஐங்குறுநூற்றின் பாடல்கள் இன்னும் சிறியவை, 3 முதல் 6 அடிதான். ஆனாலும் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து புலவர்கள் ஆளுக்கு ஒரு திணையில் நூறு நூறாகப் பாடிய நூல் அது: மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். ஒரே திணையில் பத்துப் பாட்டைத் தொடர்ந்து படிக்கும்போது திணையின் இயல்பு காதில் பதியும். அகநானூறு 13 முதல் 31 அடி வரை போகும். நீண்ட வாக்கியங்களும் இடையிடையே வரும் வரலாற்றுக் குறிப்புகளும் தொடக்கத்திலேயே மூச்சு வாங்க வைத்துவிடும். பரிபாடலையும் கலித்தொகையையும் மூன்றாம் சுற்றுக்கு விட்டுவைக்கலாம்.

இணையத்தில் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் மூலபாடம் எளிதாகக் கிடைக்கும். மூலம் மட்டும் போதாது. உரையோடு கூடிய பதிப்பைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அகராதிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை வைத்துக்கொள்ளுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு சொல் எந்த நூலில் எந்தப் பொருளில் வருகிறது என்று மேற்கோளோடு காட்டுவதால் கையடக்க அகராதிகள் இதற்கு ஈடாகா.

பதிப்புப் பக்கத்தை வாசிப்பது

ஒரு சங்கப் பாட்டின் பக்கத்தில் பல காலத்து எழுத்துகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் குழப்பம்தான். பாட்டு புலவருடையது. ‘வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது’ என்பது போன்ற கூற்றுக் குறிப்பு பாட்டைத் தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின் வந்தவர்களோ சேர்த்தது. பதவுரையும் விளக்கமும் பதிப்பாசிரியருடையவை. அடிக்குறிப்பில் ‘பி-ம்’ என்று இருந்தால் அது பிரதிபேதம், அதாவது வேறு ஏட்டில் உள்ள வேறு பாடம்.

கூற்றுக் குறிப்பு நல்ல துணை. ஆனால் அதுவே பாட்டு அல்ல. சில பாடல்களுக்கு அக்குறிப்பு கொஞ்சமும் ஒட்டாததுபோல் தோன்றும். அப்போது பாட்டின் சொற்களை நம்புங்கள்; குறிப்பை ஒரு பழைய வாசகரின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். புலவர் பெயரையும் இப்படித்தான் கையாள வேண்டும். ‘செம்புலப் பெயனீர் போல’ என்ற தொடரால் செம்புலப்பெயனீரார் என்று பெயர் பெற்றவருக்கு வாழ்க்கை வரலாறு எழுதப் புறப்படக் கூடாது. பெயரே பாட்டிலிருந்து எடுத்து வைத்தது.

ஒரு பாட்டை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

குறுந்தொகை 25, கபிலர் பாடியது:

யாரு மில்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தா ளன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீ ராரல் பார்க்கும்
குருகு முண்டுதான் மணந்த ஞான்றே.

முதலில் உரையை மூடிவைத்துவிட்டு வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று காது பிடித்துக்கொள்ளும். பிறகு தாளில் சந்தி பிரித்து எழுதுங்கள்: யாரும் இல்லை, தானே கள்வன், தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ, தினைத்தாள் அன்ன சிறு பசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே. மூல வடிவத்தை அழித்துவிடாதீர்கள். யாப்பு பார்க்க அதுதான் வேண்டும்.

மூன்றாவது வேலை, வினைமுற்றுகளை அடிக்கோடிடுவது. ‘இல்லை’, ‘எவன் செய்கோ’, ‘உண்டு’ ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு செய்தி முடிகிறது. மற்றவை அவற்றைச் சார்ந்து நிற்கின்றன. ‘தான் மணந்த ஞான்றே’ கடைசியில் வந்தாலும் முதல் தொடரான ‘யாரும் இல்லை’ என்பதோடும் சேர்த்துப் பொருள் கொள்ள வேண்டும்: அவன் என்னைக் கூடிய பொழுதில் அங்கே வேறு யாரும் இல்லை. வாக்கியத்தின் தலை பாட்டின் கடைசியில் இருப்பது சங்கப் பாட்டில் சாதாரணம். பொருள் வராமல் திணறும்போது பாட்டைக் கடைசி அடியிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி யார் பேசுவது? ‘யான்’ என்று பேசுகிறவள் பெண். ‘தான்’ என்பது அவளைக் கூடியவன். அவன் சொன்ன சொல் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள். ஆகவே திருமணம் இன்னும் நடக்கவில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறான், நாள் கடக்கிறது. இந்த இடத்தில் உரையைத் திறந்து கூற்றுக் குறிப்பைப் பாருங்கள். வரைவு, அதாவது மணம், தள்ளிப்போகும்போது தலைவி தோழியிடம் சொல்வது என்று இருக்கும். நீங்களே கண்டதை அது உறுதிசெய்கிறது. திருமணத்துக்கு முந்திய மறைவான காதலுக்குக் களவு என்றும், மணத்துக்குப் பிந்திய வாழ்வுக்குக் கற்பு என்றும் பெயர் என்பதை இப்போது குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது காட்சி. சாட்சிக்கு இருந்தது ஒரே ஒரு குருகு. அதற்குத் தினையின் தாளைப் போன்ற மெல்லிய பசிய கால். அது ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கிறது. அதன் கவனம் முழுவதும் இரையின்மேல். இவளைப் பார்க்கவே இல்லை. சாட்சி உண்டு, ஆனால் சாட்சி சொல்லாது. ‘குருகும் உண்டு’ என்ற உம்மையில் அந்தப் பெண்ணின் கையறு நிலை முழுவதும் இருக்கிறது. உரையாசிரியர்கள் இப்படி ஓர் உம்மையை எடுத்து ‘இழிவுசிறப்பு’, ‘எச்சம்’ என்று குறிப்பு எழுதியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். சங்கப் பாட்டின் உணர்ச்சி பெரும்பாலும் உம், ஏ, மன், கொல், தில்ல போன்ற இடைச்சொற்களில்தான் தங்கியிருக்கிறது.

இப்படி ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம். குறிப்பேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்தே செய்திகளை எழுதுங்கள்: பேசுபவர், கேட்பவர், நிலைமை, காட்சியில் வரும் உயிர்கள், புதிய சொற்கள். திணை, அணி, மெய்ப்பாடு ஆகியவற்றுக்கு இடம் விட்டுவைத்து, இருபது பாட்டு முடிந்த பிறகு திரும்பி வந்து நிரப்புங்கள்.

திணையை முடிவுசெய்வது

திணை என்பதை நிலம் என்று மட்டும் புரிந்துகொள்வதால் வரும் பிழைகள் அதிகம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். மனிதர்களிடையே நடப்பது உரிப்பொருள். பாட்டில் இம்மூன்றும் இருக்கலாம். சில பாடல்களில் நிலமும் பொழுதும் இல்லவே இல்லை. ஆனால் உரிப்பொருள் இல்லாமல் காதலைப் பாடும் அகப்பாட்டு இருக்க முடியாது. ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் உரிப்பொருள், பிறகு கருப்பொருள், கடைசியில் நிலமும் பொழுதும்.

புணர்தலும் அதைச் சார்ந்ததும் குறிஞ்சி. நம்பிக்கையோடு காத்திருத்தல் முல்லை. ஊடல் மருதம். ஏங்கி இரங்குதல் நெய்தல். பிரிதல் பாலை. பொழுதும் இதற்கு உதவும்: குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், நள்ளிரவான யாமமும்; முல்லைக்குக் கார்காலமும் மாலையும்; பாலைக்கு வேனிலும் பின்பனியும், நண்பகலும். மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்குப் பிற்பகலான எற்பாடும் சிறுபொழுதுகள். பெரும்பொழுது இவ்விரண்டுக்கும் ஆறும் உரியன.

மேலே பார்த்த பாட்டுக்குத் திரும்புவோம். குருகும் ஆரலும் நீர்நிலை உயிர்கள். அவற்றை மட்டும் பார்த்தால் மருதம் என்றோ நெய்தல் என்றோ எழுதத் தோன்றும். ஆனால் பாட்டு குறிஞ்சி. களவில் கூடியதைப் பற்றிய பேச்சு அது. உவமையில் தினை வருகிறது. ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்தால் வந்த நிலத்துக்கு உரியனவாகக் கொள்க என்று தொல்காப்பியமே வழி சொல்லியிருக்கிறது. பூவைப் பார்த்துத் திணை சொல்லும் பழக்கத்தை இந்த ஒரு பாட்டே மாற்றிவிடும்.

உங்கள் முடிவைச் சரிபார்க்க அகநானூற்றில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. அதன் பாடல் எண்ணே திணையைச் சொல்லிவிடும். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 என முடிபவை முல்லை, 6 மருதம், 10, 20 என வருபவை நெய்தல். எண்ணை மறைத்துக்கொண்டு பாட்டைப் படித்துத் திணையைச் சொல்லுங்கள். பிறகு எண்ணைத் திறந்து பாருங்கள். தவறும் இடங்களில் பெரும்பாலும் முல்லைக்கும் பாலைக்கும் இடையே தடுமாறியிருப்பீர்கள், ஏனென்றால் இரண்டிலும் தலைவன் உடன் இல்லை. பிரிவையே நினைத்து வருந்தினால் பாலை. கார் வந்துவிட்டது, அவரும் வந்துவிடுவார் என்று ஆற்றியிருந்தால் முல்லை.

போர், கொடை முதலியவற்றைப் பாடும் புறத்திணையில் வேறு வகைச் சிக்கல். தொல்காப்பியத்தில் புறத்திணை ஏழு: வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண். புறநானூற்றில் ‘யாதும் ஊரே’ என்று தொடங்கும் 192ஆம் பாட்டின் கீழே பொதுவியல் திணை, பொருண்மொழிக்காஞ்சித் துறை என்று இருக்கும். பொதுவியலைத் தொல்காப்பியத்தின் ஏழில் தேடினால் கிடைக்காது. அது புறத்திணையைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் மரபைச் சேர்ந்தது. அந்த மரபை ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் காணலாம். காஞ்சி என்ற சொல்லுக்கும் இரு மரபிலும் பொருள் வேறு. தொல்காப்பியத்தில் அது நிலையாமையைச் சொல்வது. வெண்பாமாலையில் படையெடுத்து வந்தவனை எதிர்த்து நாட்டைக் காப்பது. எந்த இலக்கணத்தைக் கையில் வைத்துப் பேசுகிறோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அகம் எது, புறம் எது என்பதற்குக் கறாரான சோதனை ஒன்று உண்டு: அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் வரக் கூடாது. பத்துப்பாட்டில் நெடுநல்வாடையின் 188 அடிகளும் பிரிந்து வாடும் அரசியையும் பாசறையில் இருக்கும் அரசனையும் பாடுகின்றன. படிக்கப் படிக்க அகம் என்றே மனம் சொல்லும். ஆனால் வேலில் வேம்பு சூடிய குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. பாட்டுடைத் தலைவன் யார் என்பது அதனால் தெரிந்துவிடுவதால் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறமாகக் கொண்டார். ஒரு பூ ஒரு முழுப்பாட்டின் வகையை மாற்றும் இந்த இடத்தை நேரில் படித்துப் பார்க்க வேண்டும்.

உவமை, உள்ளுறை, இறைச்சி

கற்பதில் மிக அதிக நேரம் செலவிடத் தகுந்தது இந்தப் பகுதி. அவசரப்பட வேண்டாம். எடுத்துக்காட்டுக்குக் குறுந்தொகை 8. ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் காதற் பரத்தை, அதாவது மனைவி இருக்கத் தலைவன் நாடிச் சென்ற பெண்.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யுந்தன் புதல்வன் தாய்க்கே.

எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டுப் போனவன், தன் வீட்டில் கண்ணாடிக்குள் இருக்கும் பாவையைப் போல, மகனின் தாய் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குகிறான் என்கிறாள். ‘ஆடிப் பாவை போல’ என்பது வெளிப்படையான உவமை. ‘போல’ என்ற உவம உருபு கண்ணுக்குத் தெரிகிறது. உவமை எதன் அடியாகப் பிறக்கிறது என்று கேட்டால் தொல்காப்பியம் நான்கைச் சொல்லும்: வினை, பயன், மெய், உரு. ஆடிப்பாவை செய்யும் தொழிலால் ஒப்பாகிறது, ஆகவே வினையுவமம். முன்பாட்டில் தினைத்தாளும் குருகின் காலும் வடிவாலும் நிறத்தாலும் ஒக்கின்றன; மெய்யும் உருவும் சேர்ந்தது.

முதல் இரண்டு அடிகளில் உவம உருபு எதுவும் இல்லை. வயலோரத்து மாமரத்தின் கனிந்த பழம் தானே உதிர, குளத்து வாளை மீன் அதைக் கவ்வுகிறது. அவன் ஊரைப் பற்றிய வருணனை போலத்தான் இருக்கிறது. ஆனால் பேசுகிறவள் யார் என்பதை நினைத்தால் வருணனை வாதமாகிவிடுகிறது: பழத்தைத் தேடி வாளை மரம் ஏறவில்லை, பழமே வந்து விழுந்தது. அவனை நான் வளைத்துப் பிடிக்கவில்லை, அவனே வந்தான். இதுதான் உள்ளுறை உவமம். கருப்பொருளின் ஒவ்வொரு கூறும் மனிதர்களின் ஒவ்வொரு கூறுக்கு நிகராக நிற்கும். பழம் அவன், வாளை இவள், கழனி அவன் வீடு. தெய்வத்தைத் தவிர மற்றக் கருப்பொருள்களே உள்ளுறைக்கு இடமாகும் என்பது இலக்கணம்.

இறைச்சி இதனினும் நுட்பமானது. உரையாசிரியர்களே இதில் ஒத்த கருத்தினர் அல்லர். தொடக்கத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கூறுக்குக் கூறு பொருந்தினால் உள்ளுறை, அப்படிப் பொருத்த முடியாமல் காட்சி முழுவதும் சேர்ந்து சொல்லுக்கு அப்பால் ஒரு குறிப்பை எழுப்பினால் இறைச்சி. ஆரல் பார்க்கும் குருகை இந்த இரண்டாம் வகையில் வைத்துப் பாருங்கள். ஆரல் தலைவி, குருகு தலைவன் என்று பொருத்தவும் சிலருக்குத் தோன்றும். இரண்டையும் எழுதி, எது பாட்டின் மற்ற சொற்களோடு ஒட்டுகிறது என்று கேளுங்கள்.

உள்ளுறையில் வழக்கமாக நடக்கும் பிழை, எங்கும் அதைக் காண்பது. தலைவன் ஊரையோ நாட்டையோ அடைமொழியாக வருணிக்கும் ‘ஊரன்’, ‘நாடன்’, ‘துறைவன்’ போன்ற சொற்களுக்கு முன்னால் உள்ள அடிகளில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எல்லா மரத்துக்கும் எல்லாப் பறவைக்கும் மறைபொருள் கற்பித்தால் பாட்டு விடுகதையாகிவிடும்.

மெய்ப்பாட்டை, அதாவது உள்ளத்து உணர்ச்சி மெய்யில் வெளிப்படுவதை, இதன் பிறகு பார்க்கலாம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும். காரணத்தோடு சொன்னால்தான் மெய்ப்பாடு சொன்னதாகும். ‘சோகம்’ என்று எழுதி முடிக்காமல், அழுகைக்குச் சொன்ன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கில் எது என்று பாட்டின் சொல்லைக் காட்டி எழுதுங்கள்.

யாப்பு: அலகிட்டுப் பார்த்தல்

அலகிடும்போது, அதாவது அடியைச் சீராகவும் சீரை அசையாகவும் பகுக்கும்போது, சந்தி பிரித்து எழுதிய பாடத்தைப் பயன்படுத்தக் கூடாது. ‘குருகும் உண்டு தான் மணந்த ஞான்றே’ என்று பிரித்தால் ஐந்து சொல். ‘குருகு முண்டுதான் மணந்த ஞான்றே’ என்ற யாப்பு வடிவில் நான்கு சீர். இன்றைய பல பதிப்புகள் பிரித்தே அச்சிடுவதால் இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு வருகிறது.

விதி எளிது. குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், அதன்பின் ஒற்று வந்தாலும் நேரசை. இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தாலும், அவற்றின்பின் ஒற்று வந்தாலும் நிரையசை. சீரின் தொடக்கத்தில் குறில் இருந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அது ஒற்று இல்லையானால் இரண்டையும் சேர்த்து நிரையாக்குங்கள். நெடில் ஒருபோதும் தனக்குப் பின்னால் வருவதோடு சேர்ந்து நிரையாகாது. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம்.

குறள் ஒன்றில் பழகுங்கள்: ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக.’ கற்/க தேமா, கச/டறக் கருவிளம், கற்/பவை கூவிளம், கற்/றபின் கூவிளம், நிற்/க தேமா, அதற்/குத் புளிமா, கடைசிச் சீர் ‘தக’ ஒரே நிரை, மலர் என்ற வாய்பாடு. வெண்பாவின் சட்டம் மாவுக்குப்பின் நிரை, விளத்துக்குப்பின் நேர், மூன்று அசையாய் நேரில் முடியும் காய்க்குப்பின் நேர். மேலே உள்ள ஏழு சீரையும் அடுத்தடுத்துச் சரிபாருங்கள், ஓரிடத்திலும் தவறாது. தவறினால் உங்கள் அலகீட்டில் பிழை இருக்கிறது என்று பொருள். இருபது குறளில் இதைச் செய்தால் கை பழகிவிடும்.

சங்க அகவலுக்கு, அதாவது ஆசிரியப்பாவுக்கு, இவ்வளவு கட்டு இல்லை. அடிக்கு நான்கு சீர், ஏகாரத்தில் முடிவு என்பவற்றை முதலில் பாருங்கள். குறுந்தொகை 25இல் ஈற்றுக்கு முந்திய அடி ‘ஒழுகுநீ ராரல் பார்க்கும்’ மூன்றே சீர். இப்படி ஈற்றயலடி ஒரு சீர் குறைந்து வந்தால் நேரிசை ஆசிரியப்பா. மேலே கொடுத்த குறுந்தொகை 8இலும் ‘ஆடிப் பாவை போல’ மூன்று சீராக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே ‘மாஅத்து’, ‘கதூஉம்’ என்று இடையில் நிற்கும் அ, உ அளபெடை. ஓசையை நீட்டும் எழுத்துகள், தனிச்சொல் அல்ல.

தொடையைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு சீரின் முதலெழுத்தையும் இரண்டாம் எழுத்தையும் வட்டமிடுங்கள். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. ‘தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ’ என்ற அடியில் முதல் சீரும் மூன்றாம் சீரும் எதுகையாகின்றன. ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் அது பொழிப்பு.

அணியைப் பற்றிச் சுருக்கமாக

தண்டியலங்காரம் பொருளணிகளை முப்பத்தைந்தாக வகுக்கிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே கற்க வேண்டாம். உவமை, உருவகம், வேற்றுமை, பிறிதுமொழிதல், நிரல்நிறை, தற்குறிப்பேற்றம், சிலேடை ஆகிய ஏழும் தெரிந்தால் பெரும்பகுதி கடந்துவிடலாம். திருக்குறளே நல்ல பயிற்சிக்களம். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்பதில் பிறவியைக் கடலாக்கியது உருவகம். நீந்துவதற்கு உரிய புணையை உருவகம் செய்யாமல் விட்டதால் ஏகதேச உருவகம். ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’ என்ற குறளில் இரண்டும் சுடும் என்று ஒப்பிட்டு, ஒன்று ஆறும் மற்றது ஆறாது என்று பிரித்ததால் வேற்றுமை. மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதை மட்டும் சொல்லி, சொல்ல வந்த அரசியலைச் சொல்லாமலே விட்ட ‘பீலிபெய் சாகாடும்’ பிறிதுமொழிதல்.

தற்குறிப்பேற்றத்துக்குச் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையைத் தேடிப் போங்கள். மதுரை மதிலின் கொடிகள் காற்றில் அசைகின்றன. கோவலனையும் கண்ணகியையும் ‘வாரல்’ என்று கை காட்டித் தடுப்பதுபோல் அவை அசைந்தன என்கிறார் இளங்கோ. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றுகிறார். அணியின் பெயரைச் சொன்னதோடு நின்றுவிடாமல், அந்த இடத்தில் அது ஏன் வேண்டியிருந்தது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

இடைக்காலத்துக்குப் போகும்போது

அகவலில் பழகிய கண்ணுக்குக் காப்பியம் எளிதாகவே இருக்கும். சிலப்பதிகாரம் மூன்று காண்டம், முப்பது காதை: புகார் பத்து, மதுரை பதின்மூன்று, வஞ்சி ஏழு. முதல் வாசிப்பில் மூன்றாவதான அரங்கேற்று காதையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இசை, கூத்து, அரங்க அமைப்புச் சொற்கள் நிறைந்த பகுதி அது, அடியார்க்கு நல்லாரின் நீண்ட உரையோடு தனியே படிக்க வேண்டியது. கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் முதலில் படித்துவிட்டுப் பிறகு முதலிலிருந்து வாருங்கள். வஞ்சிக் காண்டத்துக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்கவில்லை; அங்கே அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் அரும்பதவுரைதான் பழைய துணை.

பக்திப் பாடல்களில் பேசுகிறவர் யார் என்ற அதே கேள்வி புதிய பயன் தரும். நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் தலைவியாகவும் தாயாகவும் மாறிப் பேசும் பதிகங்களில் சங்க அகத்தின் கூற்று முறை அப்படியே வந்து நிற்பதைக் காண்பீர்கள். தேவாரத்தைக் கண்ணால் மட்டும் படிப்பது பாதி வாசிப்பு. பதிகத்தின் தலைப்பில் பண் குறித்திருக்கும். ஓதுவார் பாடியதைக் கேட்டுவிட்டு அலகிடுங்கள், சீர் எங்கே பிரிகிறது என்று தானே தெரியும்.

கம்பராமாயணம் ஆறு காண்டம். அயோத்தியா காண்டத்தில் மந்தரை சூழ்ச்சிப் படலம் தொடங்கி நகர் நீங்கு படலம் வரை தொடர்ந்து படிப்பது நல்ல தொடக்கம். உரையாடல் மிகுந்து கதை வேகமாகப் போவதால் விருத்தத்தின் ஓசை தடையில்லாமல் காதில் ஏறும். விருத்தத்தில் நான்கு அடிகளும் ஒரே அளவாக இருக்கும். முதல் அடியின் சீர்களை எண்ணி வாய்பாட்டை எழுதி, மற்ற மூன்றிலும் அதே வரிசை வருகிறதா என்று பாருங்கள். அடிக்கு எத்தனை சீர் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும். கம்பன் எங்கே சந்தம் மாற்றுகிறான் என்று குறித்துவைத்தால், கதையில் அங்கே ஏதோ மாறியிருப்பது தெரியவரும்.

சீவக சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் நச்சினார்க்கினியர் உரையோடு படிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தொலைவில் கிடக்கும் சொற்களை எடுத்து இணைத்துப் பொருள் சொல்வார்; இதற்கு மாட்டு என்று பெயர். பத்துப்பாட்டில் சில இடங்களில் பல அடிகள் தாண்டியும் இணைப்பார். அவர் சொல்லும் வரிசையில் பொருள் கொள்வதற்கு முன், அடிகள் கிடக்கும் வரிசையிலேயே பொருள் வருகிறதா என்று ஒருமுறை முயன்று பாருங்கள். வந்தால் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி, அவர் ஏன் மாற்றினார் என்பதை அவருடைய விளக்கத்தில் தேடுங்கள். பழைய உரைகளில் ‘என்றவாறு’ என்ற இடத்தில் பொருள் கூறுவது முடிகிறது. ‘எனவே’, ‘என்றதனால்’, ‘ஆகலின்’ என்று தொடங்குவது உரையாசிரியரின் காரணம். முதலாவதை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். உரையாசிரியர் பாட்டை எப்படி வாசித்தார் என்பது இரண்டாவதில்தான் இருக்கிறது.